பழக்கிக் கொடுங்கள்: பொங்கலுக்குப் பழைய பாணிச் சமையலறைப் பரிசுகள்

சித்தி மகளின் தலைப்பொங்கலுக்கு ஒரு கல்சட்டி வாங்கிக் கொடுத்தேன். சேலத்துக்காரி கொடுக்கும் பரிசு சேலத்துக் கல்லாகவே இருக்கட்டும் என்ற பெருமை வேறு. நான்காம் நாள் தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, நீங்கள் கொடுத்த சட்டியில் ரசம் வைத்தேன். டக் என்று ஒரு சத்தம்தான் கேட்டது. ரசம் முழுவதும் அடுப்பில்." சட்டி இரண்டாகப் பிளந்திருந்தது. கடைக்காரர் மேல் குற்றமில்லை, அவள் மேலும் இல்லை. பழக்காத சட்டியை வண்ணக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தவள் நான்.

நான்ஸ்டிக் வாணலியைப் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே அடுப்பில் ஏற்றிவிடலாம். கல்லும் இரும்பும் அப்படியல்ல. சமையலுக்கு வருவதற்கு முன் அவற்றுக்குக் கஞ்சியும் எண்ணெயும் சில நாள் பொறுமையும் வேண்டும். அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு அந்தப் பொறுமையைத் தேடி எடுப்பதுதான் கடினம், சட்டி வாங்குவது அல்ல. ஆகவே அந்த வேலையை நாமே செய்து, சமைக்கத் தயாரான நிலையில் கொடுக்க வேண்டும். இப்போது நான் அப்படித்தான் செய்கிறேன். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வேலையைப் பற்றியது.

முதலில் அடுப்பைப் பாருங்கள்

யாருக்குக் கொடுக்கப்போகிறோமோ அவர்கள் வீட்டில் எந்த அடுப்பு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இண்டக்ஷன் அடுப்பு மட்டும் இருக்கும் வீட்டில் கல்சட்டி, பித்தளை, வெண்கலம், ஈயம் எதுவும் சூடேறாது. இரும்புத் தோசைக்கல் சூடேறும், அடி தட்டையாக இருந்தால். எவர்சில்வரில் சில வகை வேலை செய்யும், சில வகை செய்யாது. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்திருக்கும் காந்தம் ஒன்றைக் கடைக்கு எடுத்துப் போங்கள். பாத்திரத்தின் அடியில் காந்தம் கெட்டியாக ஒட்டினால் இண்டக்ஷனுக்கு ஆகும்.

அடுத்தது எடை. இரண்டு லிட்டர் கல்சட்டியைக் குழம்போடு தூக்குவதற்கு மணிக்கட்டில் வலு வேண்டும். மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு அதைக் கொடுத்தால் பரணுக்குத்தான் போகும். அவர்களுக்கு உழக்கு, அஞ்சறைப் பெட்டி, காபி பில்டர் போன்றவை பொருந்தும்.

மூன்றாவதாக, பாத்திரத்தை யார் துலக்குகிறார்கள்? வேலைக்கு வரும் அம்மா கம்பி நாரால் அழுத்தித் தேய்ப்பவராக இருந்தால் பழக்கிய தோசைக்கல் ஒரே நாளில் பழையபடி வெள்ளை இரும்பாகிவிடும். பரிசைக் கொடுக்கும்போது அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவது என் வழக்கம்.

கார்த்திகையிலேயே வாங்கிவிடுங்கள்

தை முதல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கல்சட்டிக்கு இரண்டு வாரம், இரும்புக்கு ஒரு வாரம், பழைய பித்தளைக்கு ஈயம் பூச ஆள் தேட எத்தனை நாள் என்று சொல்லவே முடியாது. மார்கழி பிறந்தபின் வாங்கினால் விடியற்காலைக் கோலத்துக்கும் பொங்கல் வெள்ளையடிப்புக்கும் நடுவே கஞ்சி ஊற்ற மறந்துபோகும். கார்த்திகை தீபம் முடிந்த வாரத்தில் கடைவீதிக்குப் போய்விடுங்கள். கூட்டமும் குறைவாக இருக்கும், கடைக்காரருக்கும் நின்று பேச நேரம் இருக்கும்.

இரும்பு வாங்குவதாக இருந்தால் சனிக்கிழமையைத் தவிர்ப்பவர்கள் நம் ஊரில் நிறைய. எனக்கு அந்தக் கணக்கு இல்லை. ஆனால் பெற்றுக்கொள்ளும் வீட்டு மாமியார், "என்றைக்கு வாங்கியது?" என்று கேட்கக்கூடும். வெள்ளிக்கிழமைக்குள் வாங்கிவிட்டால் பொய் சொல்ல வேண்டியதில்லை.

கல்சட்டி: நம் ஊர்க் கல்

மாக்கல் என்ற மென்மையான கல்லைக் குடைந்து செய்வது கல்சட்டி. நகத்தால் கீறினாலே தடம் விழும் அளவுக்கு மென்மையான கல் அது, உளியும் கடைசலும் எளிதாக ஏறுவது அதனால்தான். சேலம் சுற்றுவட்டாரத்தில் இந்தக் கல்லைச் செதுக்கும் பட்டறைகள் உண்டு. சென்னையிலும் பெங்களூரிலும் "சேலம் கல்சட்டி" என்று சொல்லி விற்கும் அளவுக்குப் பெயர். புதிய சட்டி சாம்பல் நிறமாக, தொட்டால் கையில் மாவு ஒட்டும். பழகிய சட்டி கருங்குவளை நிறத்தில் மினுமினுக்கும்.

வாங்கும்போது சட்டியை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பாருங்கள். மயிரிழை போன்ற கோடு வாயிலிருந்து அடிநோக்கி இறங்கினால் வேண்டாம். கல்லின் இயல்பான நரம்பும் கோடாகத் தெரியும். நகத்தை அதன் குறுக்கே ஓட்டினால் நரம்பு தட்டுப்படாது, விரிசல் தட்டுப்படும். அடியும் பக்கமும் ஏறக்குறைய ஒரே கனமாக இருக்க வேண்டும். ஓரிடத்தில் மெலிந்தால் அங்கேதான் முதலில் வெடிக்கும். கடைக்காரர் அனுமதித்தால் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் வைத்துப் பாருங்கள், அடியில் ஈரம் கசியக் கூடாது. அளவைப் பொறுத்தவரை, இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றரை லிட்டர் சட்டி போதும். பெரியதைக் கண்டு ஆசைப்படாதீர்கள், தூக்கப்போவது அவர்கள்.

இனிப் பழக்குவது. நான் செய்யும் முறை இது.

முதல் நாள் வெறும் தண்ணீரில் கழுவி, கல்மாவு போகும்வரை துணியால் துடைத்து, நிழலில் ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். சோப்பு வேண்டாம், கல் அதைக் குடித்துவிட்டுப் பிறகு குழம்பில் கக்கும்.

இரண்டாம் நாள் விளக்கெண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்து உள்ளும் புறமும் தடவுங்கள். ஒரு நாள் ஊறட்டும். மறுநாள் கடலைமாவோ சீயக்காய்த்தூளோ போட்டு எண்ணெயைத் துடைத்தெடுங்கள். மஞ்சளும் எண்ணெயும் சில இடங்களில் திட்டுத்திட்டாக இறங்கியிருக்கும், கவலைப்பட வேண்டாம்.

நான்காம் நாளிலிருந்து வடிகஞ்சி. அன்றைக்குச் சோறு வடித்த கஞ்சியை வெதுவெதுப்பாக ஆறவிட்டுச் சட்டி நிறைய ஊற்றி மூடிவையுங்கள். மறுநாள் கொட்டிவிட்டுப் புதுக் கஞ்சி. இப்படி ஏழு நாள். கஞ்சி ஊற்றத் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதல் சூட்டில் ஊற்றலாம். குக்கரில் சோறு வைக்கும் வீடாக இருந்தால் ஒரு பிடி அரிசியை நிறையத் தண்ணீரில் குழைய வேகவைத்து அந்தக் கஞ்சியைப் பயன்படுத்துங்கள். புளித்த வாடை வரும், வரட்டும்.

அதன் பிறகுதான் அடுப்பு. சட்டியில் முக்கால் அளவு கஞ்சி ஊற்றி, மிகச்சிறிய தீயில் பத்து நிமிடம் வைத்து அணைத்துவிடுங்கள். சட்டி தானே ஆறட்டும். மறுநாள் இருபது நிமிடம். அதற்கு மறுநாள் மெல்லக் கொதிக்க விடுங்கள். மூன்று முறை கொதித்து ஆறிய சட்டி சமையலுக்குத் தயார். முதல் சமையலாகப் பருப்பையோ கீரையையோ நானே ஒரு தடவை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். பிளப்பதானால் என் அடுப்பிலேயே பிளக்கட்டும்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? கல்லின் நுண்ணிய துளைகளில் ஈரம் தங்கியிருக்கும். எடுத்த எடுப்பில் பெருந்தீ வைத்தால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேற வழியின்றிக் கல்லைப் பிளக்கிறது. அடி சூடாகவும் வாய் குளிர்ந்தும் இருந்தாலும் அதே கதிதான். சித்தி மகளின் சட்டி வெடித்ததற்கு நான் கண்ட காரணம் இவ்வளவே: கழுவிய ஈரம் காயாமல் பெரிய பர்னரில் ஏற்றிவிட்டாள்.

கல்சட்டியோடு ஒரு பிரிமணையும் சேர்த்துக் கொடுங்கள். இறக்கிய பிறகும் கால்மணி நேரம் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். அதைக் கிரானைட் மேடையில் நேரடியாக வைக்கக் கூடாது. ஈரமான, குளிர்ந்த மேடை சூடான கல்லுக்கு ஆகாது. வைக்கோல் பிரிமணை கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் பழைய வேட்டித் துணியை முறுக்கிச் சுற்றித் தைத்துவிடலாம். நான் தைத்ததுதான் அதிகம் பாராட்டுப் பெற்றது, சட்டி அல்ல.

ஒன்று மட்டும்: கல்சட்டியைக் கூரியரில் அனுப்பாதீர்கள். நேரில் கொடுங்கள், அல்லது ஊருக்கு வருபவர் மடியில் வைத்துக் கொண்டுபோகட்டும்.

இரும்புத் தோசைக்கல்லும் பணியாரக்கல்லும்

சேலத்தின் மேற்கே நிற்கும் கஞ்சமலையில் இரும்புத் தாது உண்டு. சித்தர் கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கே கருத்த கனமான கற்களைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள். 1830-களில் பரங்கிப்பேட்டையில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் நடத்திய இரும்பாலை சேலம் பகுதித் தாதுவை நம்பித்தான் தொடங்கியது. இன்று நம் கடைவீதியில் விற்கும் தோசைக்கல்லுக்கும் அந்த மலைக்கும் தொடர்பில்லை என்றாலும், தோசைக்கல் பரிசளிக்கும்போது இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

கடையில் இரண்டு வகை கிடைக்கும். அடித்துத் தட்டிய இரும்புக் கல், வார்ப்பிரும்புக் கல். அடித்த கல் கீழே விழுந்தாலும் உடையாது, சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் ஆறும். வார்ப்பிரும்பு மெதுவாகச் சூடேறி நெடுநேரம் நிற்கும். தோசை சீராகச் சிவக்கும், ஆனால் சிமெண்டுத் தரையில் விழுந்தால் உடைந்துபோகலாம். புதுக்குடித்தனத்துக்கு அடித்த கல்லே என் தேர்வு. பணியாரக்கல் என்றால் வார்ப்பிரும்புதான்.

புதிய கல்லில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயும் கறுப்பும் இருக்கும். அதை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். இரும்புக்கு இந்த ஒரு தடவை மட்டும் சோப்புக்கும் கம்பி நாருக்கும் அனுமதி. பிறகு மூன்று நாள் வடிகஞ்சியில் ஊறவைத்து, ஒவ்வொரு நாளும் கழுவித் துடையுங்கள். நான்காம் நாள் அடுப்பில் வைத்து ஈரம் முழுதும் போகக் காயவிட்டு, நல்லெண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் துடைப்பதுபோலப் பூசுங்கள். புகை எழும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். எண்ணெய் கெட்டியாக நின்றால் பிசுபிசுவென்று ஒட்டும் படலமாகிவிடும். மெல்லிய பூச்சு சூட்டில் இறுகி இரும்போடு ஒன்றாகிவிடுகிறது. ஒட்டாமல் தோசை எழுவது அந்தப் படலத்தின் தயவு. இதையே நான்கைந்து முறை செய்யுங்கள். கடைசியாக வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, எண்ணெய் தொட்டுக் கல் முழுவதும் தேய்த்து வதக்குங்கள். முதல் மூன்று தோசை காக்கைக்கு.

பரிசோடு ஒரு வரி எழுதிவையுங்கள்: "இதில் சப்பாத்தி போடாதீர்கள்." சப்பாத்தி போட்ட கல்லில் மறுநாள் தோசை எழாது என்பது எல்லார் வீட்டிலும் நடந்த சண்டை. இரண்டு கல் கொடுக்க வசதி இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

ஈயச் சொம்பு: ஆசைப்படுவதற்கு முன்

ரசத்துக்கு ஈயச் சொம்பு என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்தப் பட்டியலில் நான் மிகவும் தயங்குவது இதற்குத்தான். ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. காரீயம் வேறு, அது நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும், காரீயம் மலிவு. கலப்படம் செய்பவருக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு எளிய சோதனை வீட்டிலேயே செய்யலாம். வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்தின் அடர்த்தி 11.3. 730 கிராம் எடையுள்ள தூய வெள்ளீயச் சொம்பைத் தண்ணீர் விளிம்புவரை நிறைந்த பாத்திரத்தில் முழுக்க அமிழ்த்தினால் 100 மில்லிலிட்டர் வழிய வேண்டும். அதைவிடக் கணிசமாகக் குறைந்தால் சொம்பில் கனமான உலோகம் கலந்திருக்கிறது. ஆனால் கொஞ்சமாகக் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாது, கொஞ்சம் கலந்தாலும் ஆபத்துதான். ஆகவே பில் கொடுத்து, உலோகச் சோதனைச் சான்று காட்டும் கடையில் மட்டும் வாங்குங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு, சான்று இல்லையென்றால், வேறு பரிசைப் பாருங்கள். வருத்தமாக இருந்தாலும் அதுவே சரி.

வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் புளியைத் தேடப் போனால் திரும்பி வரும்போது பர்னரில் வெள்ளிக் குளம்தான் இருக்கும். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பு, நுரை கட்டியதும் அணைப்பு. சொம்பு கொடுப்பவர்கள் இந்த ஒரு வரியைச் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. தாளிப்பையும் வேறு கரண்டியில் செய்து ரசத்தில் கொட்ட வேண்டும்.

பித்தளையும் வெண்கலமும்

செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம். தட்டினால் வெண்கலம் மணிபோல நெடுநேரம் ரீங்கரிக்கும், பித்தளை சீக்கிரம் அடங்கிவிடும். இரண்டும் எடைக்கு விற்பவை. அன்றைய கிலோ விலையை இரண்டு கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பித்தளையில் புளி, தக்காளி, மோர், எலுமிச்சை எதுவும் நேரடியாகப் படக் கூடாது, களிம்பேறும். அதனால்தான் சமைக்கும் பித்தளைக்கு உள்ளே ஈயம் பூசுகிறார்கள். பொங்கல் பானையாகக் கொடுப்பதானால் ஈயம் பூசியதாகவே கேட்டு வாங்குங்கள். பூசப் பயன்படுத்தும் ஈயமும் தூய வெள்ளீயம்தானா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பொங்கலைப் பொங்கியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

வெண்கல உருளியைப் பழக்குவது எளிது. இரண்டு மூன்று முறை அரிசிக் கஞ்சி கொதிக்கவைத்துக் கொட்டினால் போதும். பாயசத்துக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும் அதைப்போல வேறில்லை, அடிப்பிடிப்பது குறைவு. கீழே விழுந்தால் மட்டும் வெண்கலம் உடையும். வெண்கலக் கடையில் யானை புகுந்த கதை சும்மா வந்ததல்ல.

காபி பில்டரும் மலைக் கொட்டையும்

கிறிஸ்துமஸுக்குப் பரிசு தேடுபவர்களுக்குப் பழக்க நாள் போதாது. அவர்களுக்கு என் பதில் எப்போதும் காபி பில்டர், டபரா டம்ளர், ஏற்காட்டுக் காபித்தூள். பழக்கும் வேலையே இல்லை.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காபியும், அந்த மரங்களைத் தழுவி ஏறிய மிளகுக் கொடியும் இன்றும் ஒரே தோட்டத்தில் நிற்கின்றன. மார்கழியில் போனால் அரபிகாப் பழங்களைப் பறித்துக் களத்தில் உலர்த்திக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுப் "புதுக்காபி கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். உலர்ந்து, தோல் நீக்கித் தரம் பிரிக்க நாளாகும். பொங்கலுக்கு நீங்கள் வாங்குவது போன பருவத்துக் கொட்டைதான். அதனால் ஒன்றும் குறைவில்லை, பச்சைக் கொட்டை தாங்கும். தாங்காதது வறுத்த தூள். ஆகவே பறித்த ஆண்டைக் கேட்காமல் வறுத்த நாளைக் கேளுங்கள். கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு வறுத்து அரைத்து வாங்குங்கள். மிளகும் அப்படித்தான், புது மிளகு தை, மாசியில்தான் இறங்கத் தொடங்கும்.

சிக்கரி சேர்ப்பதா வேண்டாமா என்பது பெறுபவர் வீட்டு அரசியல். தெரியாவிட்டால் 80 பங்கு காபி, 20 பங்கு சிக்கரி என்று வாங்குங்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள். பில்டருக்கென்று அரைக்கச் சொல்ல வேண்டும். மாவாக அரைத்தால் துளைகளை அடைத்துக்கொண்டு டிகாக்ஷன் இறங்காது.

பித்தளை பில்டர் அழகு. உள்ளே வெள்ளைப் பூச்சு சீராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், காபியிலும் லேசான அமிலம் உண்டு. அன்றாடம் புழங்குபவர்களுக்கு எவர்சில்வரே போதும். கொடுப்பதற்கு முன் இரண்டு முறை வெந்நீர் ஊற்றி இறக்கிப் பாருங்கள். துளை சரியில்லாத பில்டர் கடையிலிருந்து வருவது அரிதல்ல. எனக்கே ஒருமுறை மேல்தட்டில் பாதித் துளை விழாமலே ஒன்று வந்து சேர்ந்தது. அளவு இரண்டு பேருக்கு: 20 கிராம் தூள், கொதித்து அடங்கிய தண்ணீர் 120 மில்லிலிட்டர், கால்மணி நேரம் பொறுமை.

கைக்கடக்கமான பொருட்கள்

அஞ்சறைப் பெட்டியை வெறுமையாகக் கொடுக்காதீர்கள். கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் என்று நிரப்பிக் கொடுங்கள். மரப்பெட்டி என்றால் முதலில் இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். வார்னிஷ் வாடை அடித்தால் வாங்கவே வேண்டாம், சீரகம் அந்த வாடையை உடனே பிடித்துக்கொள்ளும். ஈரமான சமையலறைக்கு எவர்சில்வர் பெட்டி நல்லது.

பித்தளை உழக்கும் ஆழாக்கும் சிறிய, ஆனால் பேசவைக்கும் பரிசு. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, நான்கு உழக்கு ஒரு படி. பாட்டியின் கணக்கில் "உழக்கு அரிசிக்கு அரை ஆழாக்கு உளுந்து" என்று கேட்டு எழுதிவைத்தவர்கள் கிராமுக்கு மாற்றத் திண்டாட வேண்டியதில்லை.

முறுக்கு உழக்கு, மத்து, சிரட்டை அகப்பை, முறம் எல்லாம் நல்லவையே. சிரட்டை அகப்பையில் சிம்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் பூசிக் கொடுங்கள். பீங்கான் ஜாடியைச் சுண்டிப் பாருங்கள், கணீரென்று ஒலித்தால் விரிசலில்லை. மாங்காய்க் காலம் இல்லையென்றாலும் தை மாதத்தில் நார்த்தங்காய் கிடைக்கும். உப்பிலிட்டு நிரப்பிக் கொடுத்தால் ஜாடி அலமாரியில் பொம்மையாக நிற்காது. அரிவாள்மனையைப் பரிசாக வாங்கத் தயங்கும் வீடுகள் உண்டு. ஒரு ரூபாயை வாங்கிக்கொண்டு "விற்றேன்" என்று கொடுத்தால் சாத்திரம் சமாதானமாகிவிடும்.

எவர்சில்வர் அடுக்குத் தூக்கும் இப்போது பழையகாலப் பொருளாகிவிட்டது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. சேலம் உருக்காலையில் 1981-ல் துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டத் தொடங்கினார்கள். அந்தச் சமயத்தில் எங்கள் தெருவே பித்தளையை எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கியது. பாட்டியின் பித்தளை அண்டாவும் அப்படித்தான் போனது. அந்த எவர்சில்வர் தூக்கைத்தான் இன்று என் மகள் "பழைய பாணி" என்று கேட்கிறாள்.

பரணிலிருந்து எடுத்துக் கொடுப்பது

வாங்குவதைவிட எனக்குப் பிடித்தது இது. போகிக்கு முன் பரணைச் சுத்தம் செய்யும்போது எடைக்குப் போவதற்கென்று ஒதுக்கும் குவியலை ஒருமுறை கிளறிப் பாருங்கள். ஒடுங்கிய பித்தளைப் பானையைத் தட்டி நிமிர்த்தலாம். புளியும் கல்லுப்பும் போட்டுத் துலக்கினால் நிறம் வந்துவிடும். உள்பூச்சு தேய்ந்திருந்தால் ஈயம் பூசுபவரைத் தேடுங்கள். பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தை உருக்கிப் பஞ்சால் ஒரே வீச்சில் துடைப்பார். வெள்ளைப் புகை அடங்கும்போது கறுத்த உள்பக்கம் கண்ணாடியாகியிருக்கும். குழந்தைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், புகைக்குச் சற்று தள்ளி நிறுத்தி. தெருவில் கூவி வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். பாத்திரக் கடையில் கேட்டால் ஆள் சொல்வார்கள்.

பழைய பித்தளையின் கலவையில் காரீயம் இருக்க வாய்ப்புண்டு, பற்றவைத்த இணைப்புகளிலும் இருக்கலாம். எங்கிருந்து வந்ததென்று தெரியாத பழம்பொருளைச் சமையலுக்குக் கொடுக்காதீர்கள். பூ மிதக்கவிடவும் அரிசி அளக்கவும் கொடுங்கள்.

பழைய பாத்திரத்தில் பெயர் வெட்டியிருந்தால் அதை அழிக்காதீர்கள். என்னிடம் உள்ள குடத்தில் பெரியபாட்டியின் பெயரும், சீர் கொடுத்த ஆண்டும், வெட்டியவரின் எழுத்துப்பிழையும் இருக்கின்றன. அந்தப் பெயருக்குக் கீழே புதியவரின் பெயரை வெட்டச் சொல்லுங்கள். புதுப் பாத்திரத்திலும் பெயர் வெட்டுங்கள், வாங்கும் கடையிலேயே செய்து தருவார்கள். மின்கருவி எழுத்து சீராக இருக்கும். உளி வைத்துத் தட்டும் ஆள் கிடைத்தால் அந்தப் புள்ளி எழுத்தின் அழகே வேறு. பெயரைத் தாளில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். ர, ற குழப்பம் வெட்டியபின் திருந்தாது. கல்சட்டியில் மட்டும் வெட்டாதீர்கள்.

நிரப்பிக் கட்டுவது

வெறும் பாத்திரம் கொடுக்கும் வழக்கம் நமக்கில்லை. பொங்கல் பானை என்றால் பச்சரிசி, பாசிப்பருப்பு, மஞ்சள் கொத்து, வெல்லம். வெல்லத்துக்குச் செவ்வாய்ப்பேட்டை மண்டிப் பக்கம் போங்கள். பளிச்சென்று மஞ்சளாக இருப்பதை விட்டுவிட்டுக் கருத்ததை எடுங்கள், அதுதான் மணக்கும். உருளிக்குள் ஜவ்வரிசி வையுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற சேலத்துப் பொருள், பாயசத்துக்கு உடனே உதவும். தோசைக்கல்லோடு ஒரு சிறு புட்டி செக்கு நல்லெண்ணெய்.

கட்டுவதற்கு வண்ணக் காகிதம் வேண்டாம், என் அனுபவம் போதும். கதர்த் துண்டில் சுற்றி மஞ்சள் பையில் போடுங்கள். துண்டு பிறகு சட்டி இறக்கும் பிடிதுணியாகும்.

கடைசியாக ஒரு தாள். அச்சடித்தது வேண்டாம், கையால் எழுதுங்கள், அடுப்புக்கு எதிரே ஒட்டும் அளவுக்குச் சிறியதாக. சித்தி மகளுக்கு அடுத்த ஆண்டு இரண்டாவது கல்சட்டியைப் பழக்கிக் கொண்டுபோனபோது நான் எழுதியது இது:

"பதினைந்து நாள் பழக்கியிருக்கிறேன், இன்றே சமைக்கலாம். சிறு தீயில் தொடங்கு, மெல்லக் கூட்டு. காலியாக அடுப்பில் வைக்காதே. சூட்டில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதே. குழம்பு முக்கால் பதம் வந்ததும் அணைத்துவிடு, மீதியைச் சட்டி பார்த்துக்கொள்ளும். சோப்பு வேண்டாம், கடலைமாவு போதும். கழுவியபின் கவிழ்த்துக் காயவை. வாரம் ஒருமுறையாவது சமை, சும்மா வைத்தால் மறந்துவிடும், அதுவும் நீயும். பழைய சட்டியின் பெரிய துண்டில் கற்றாழை வைத்திருப்பதாகச் சொன்னாயே, ஒரு கன்று எனக்கும் எடுத்து வை."